மீன் தராசில் நின்றவள்

இங்கே கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே, தூர இருந்தால் பாதியைக் காற்றுத்தான் கேட்கும். மாம்புரி றோசமேரி, கிளினிக்கில் இருந்து சைக்கிளில் வீடு வந்து சேர்ந்த அரை மணித்தியாலத்தைச் சொல்லப்போகிறேன்.

எண்பதா, எப்படி எண்பது... விடிய வீட்டோடு இருக்கிற மீன் வாடியில், புருஷன் யூட் மீன் வாங்கி நிறுக்கிற தராசில் ஏறி நின்றபோது எழுபத்தாறு, இதே சட்டை, இதே வெறுங்கால், இடையில் குடித்தது ஒரு பிளேன்டீ, பிளேன்டீ நாலு கிலோ நிறுக்குமா, தாதி மிஸி சிரித்துக்கொண்டே கார்டில் எழுதினாள், "மூண்டு மாசத்தில எண்பத்திநாலு எண்பதாயிட்டுது, நல்லம் அக்கா, சைக்கிளை விடாதீங்க, எழுபத்தஞ்சுக்கு இறங்கினா சீனி வருத்தத்துக்கு ஊசி தேவைப்படாது," எது நல்லம், எட்டுக் குறைத்தேன் என்று வந்தவளுக்கு நாலு நல்லமா... கிளினிக் தராசுதான் பிழை, ஊரே ஏறி மிதித்த தராசு, கச்சான் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ள அவள் எழும்பி நின்று மிதித்தாள், ஆனால் எண்பத்துநாலு என்றதும் அதே தராசுதானே றோசமேரி, அன்றைக்கு அழுதுகொண்டு நம்பினாயே... சைக்கிள் ஓடத் தொடங்கிய முதல் ஞாயிறு, வாடியில் ஒருவரும் இல்லாத நேரம் ஏறி நின்றாள், எண்பது, ஒரே கிழமையில் நாலு கிலோ, துள்ளினாளே, எந்த மனுசி ஒரு கிழமையில் நாலு கிலோ மெலிவாள், பிறகு மூன்று மாதமும் மெல்ல மெல்ல இன்னொரு நாலு, அது கால் நோக ஓடிக் குறைத்தது, சட்டை தொளதொளத்தது பொய்யில்லை, அப்படியென்றால் அந்த முதல் நாலு... தம்பி ஜெனிஸ்டன் வலையை உதறியபடி சொல்வான், "அத்தான்ர வாடிக்கு வந்தா மீனுக்கும் உடம்பு மெலியுது அக்கா, உன்னைப்போல சைக்கிள் ஓடுதாக்கும்," அவள் சிரிக்கவில்லை, "வாயை மூடு, என்ர மனுசன் அப்பிடியில்லை" என்று ஏசி அனுப்பினாள், அவன் மீன் பெட்டிகளும் அந்தத் தட்டில்தானே ஏறுகின்றன, தட்டில் துரு இருக்கலாம், உப்புக்காற்று, யூட்டுக்கே தெரியாமல் இருக்கலாம், கேட்டால் சொல்லுவான், கேட்கத்தான் வேண்டும், இன்றைக்கே, இறங்கியவுடனே...

வாடி வாசலில் யூட் ஐஸ் உடைத்துக்கொண்டு நின்றான். "என்னடி, அங்க எவ்வளவு காட்டிச்சு?" கேட்டவனின் கை ஐஸில் நின்றுபோயிருந்தது, கண் ஒருதரம் தராசுக்குப் போய் வந்தது, போனதா, இல்லை அவளுக்குத்தான் அப்படித் தெரிந்ததா... "எழுபத்தாறு," என்றாள். "பாத்தியா," என்று சிரித்து மறுபடி உடைக்கத் தொடங்கினான். பெண்சாதி மெலிந்ததற்குச் சிரித்தவனா, மூச்சு வந்து சிரித்தவனா... சைக்கிளைத் தென்னையில் சாத்தியபோதுதான் உறைத்தது, அவன் பொய் சொன்னானோ தெரியாது, அவள் சொல்லிவிட்டாள்.

உங்கள் வீடுகளில் உலை நேரத்துக்குக் கொதிக்கட்டும், பிள்ளைகளே. கேட்க வேண்டியதை முகம் பார்த்துக் கேட்கிற தைரியத்தை ஆண்டவர் உங்கள் சனம் எல்லாருக்கும் தரட்டும்.