சௌந்திரம் பேரில் ஒரு கைப்பம்பு

குணசீலனிடம் மலாவி நாட்டைப் பற்றி மட்டும் பேச்செடுக்கக் கூடாது. திருச்செங்கோட்டிலிருந்து போய் அங்கே மூன்று வருடம் ரிக் வண்டியில் போர்வெல் போட்டு வந்தவன். எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில், "நன்றி கெட்ட சனமுங்க" என்றுதான் முடிப்பான்.

காரணம் இல்லாமல் இல்லை. அவன் அங்கே இருந்தபோதுதான் அம்மா சௌந்திரம் இறந்துபோனாள். கொள்ளி வைக்கக்கூட வர முடியவில்லை. அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? தண்ணீருக்காகப் பெண்கள் இரண்டு மைல் நடக்கும் ஒரு கிராமத்தில், அம்மா பேரில் சொந்தச் செலவில் ஒரு போர் போட்டான். சுற்றிலும் பொட்டல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் மரங்கள் அடர்ந்திருந்தன. மரம் செழித்தால் அடியில் தண்ணீர் உண்டு என்பது நம்மூர்க் கணக்கு. ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்து கையைக் கையை ஆட்டி என்னவோ சொன்னார்கள். நன்றி சொல்கிறார்களாக்கும் என்று கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்தான்.

தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது. கைப்பம்பு மாட்டி, ஈர சிமெண்டில் ஆணியால் 'சௌந்திரம்' என்று எழுதினான். ஆனால் ஒருத்தரும் குடிக்கவில்லை. அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோதும் பெண்கள் அதே இரண்டு மைல் நடந்துகொண்டிருந்தார்கள். அம்மாவையே வேண்டாம் என்று சொன்னது போல நெஞ்சு எரிந்தது. ஏன் என்று அவன் யாரையும் கேட்கவில்லை.

இந்த வருடம் மலாவியிலிருந்து சிசோமோ என்ற மெக்கானிக், ரிக் பழக ஒரு மாதம் குணசீலன் வேலை செய்யும் பட்டறைக்கு வந்தான். ஓட்டை ஆங்கிலமாவது தெரியும் என்று அவனைக் குணசீலன் தலையில் கட்டினார்கள். அவர்கள் பேசியதை நம் வசதிக்குத் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிசோமோ கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவான். லாரியில் எலுமிச்சம்பழம் எதற்கு? பெரியவரைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை ஏன் இறக்கிவிடுகிறார்கள்? ஞாயிற்றுக்கிழமை குமாரபாளையத்துக்கு பைக்கில் போகும்போது, வழியில் வேம்பும் புங்கனும் அடர்ந்த ஒரு இடத்தைக் காட்டினான்.

"மரம் தேடி அலைகிறீர்களே, இங்கே ஏன் போர் போடவில்லை?"

"அது சுடுகாடப்பா. அங்க எவன் தண்ணி குடிப்பான்?"

"எங்கள் ஊரிலும் அப்படித்தான். புதைகாட்டு மரத்தை யாரும் வெட்ட மாட்டோம். மற்றதெல்லாம் பொட்டலாகப் போனாலும் அது மட்டும் தோப்பாக நிற்கும்."

குணசீலன் பைக்கை நிறுத்திவிட்டான். அவன் போர் போட்டதும் அப்படியொரு தோப்பில்தான். அறுநூறு அடி துளை போடுகிறவன் ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறான். நடந்ததையெல்லாம் சொன்னான். அந்தப் பக்கம் வேன் ஓட்டும் தன் தம்பியை விட்டு விசாரிப்பதாகச் சொன்னான் சிசோமோ.

"புடுங்கச் சொன்னாங்கன்னா நானே வந்து புடுங்கிடறேன்னு சொல்லு" என்றான் குணசீலன். அம்மாவின் பேர் யார் வீட்டுச் செத்தவர்களுக்கோ அவமானமாகக் கிடக்கிறதே என்று அவனுக்கு ஆறவில்லை.

"ஏனுங்க, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கறீங்க?" என்றாள் அன்று ராத்திரி மனைவி சண்முகப்பிரியா.

"நம்மூர்ச் சுடுகாட்டுல எவனோ வெளிநாட்டுக்காரன் வந்து அவங்கம்மா பேர எழுதி வெச்சா நீ சும்மா உட்ருவியா?"

"அதெப்படிங்க? அன்னிக்கே பேத்து எறிஞ்சிருப்பேன்" என்றாள் அவள். குணசீலன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

மூன்றாம் நாள் பட்டறையில் டீ குடிக்கும் நேரத்தில் சிசோமோவின் போன் அடித்தது. எதிர்முனையில் அந்த ஊர்த் தலைவர். சிசோமோ கேட்டுக் கேட்டுச் சொன்னான்.

"பிடுங்க வேண்டாமாம். குடிக்கத்தான் மாட்டார்களாம். அடக்கம் முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் அதில்தான் கை கழுவுகிறார்களாம். முன்பு அதற்கும் தண்ணீர் சுமந்து வர வேண்டியிருந்ததாம். சிமெண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்."

"எங்கம்மா பேருன்னு சொல்லு. நான் அங்க இருக்கறப்பத்தான் செத்துப்போச்சு."

சிசோமோ சொன்னான். கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டுத் திரும்பினான். "அம்மாவின் அடக்கத்துக்குப் போனாயா என்று கேட்கிறார்."

மூன்று வருடத்தில் அந்த நாட்டில் ஒருத்தரும் அவனிடம் இதைக் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு அவனும் யாரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. "போகலீங்க" என்று குணசீலன் தமிழிலேயே சொன்னான்.

"அப்படியானால் இங்கே வரச் சொல்லு, வந்து கை கழுவிக்கொள்ளட்டும் என்கிறார்."

பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, குணசீலன் வாய்விட்டு அழுதான்.