கையைப் பார்த்து வா

...அடியில் பிடி, ஸ்டியரிங்கை அடியில் பிடி, கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம்தான் பின்னால் பூட்டிய வண்டியின் வால் போகும், அவ்வளவுதான், காலையில் வெண்ணெய்ப் பெட்டியையும் ரொட்டித் துண்டையும் மேஜையில் ஓட்டிக் கணவர் ஒரெஸ்ட் நடத்திய பாடம் அவ்வளவுதான், ஆனால் வெண்ணெய்ப் பெட்டிக்குப் பின்னால் மின்கம்பம் இல்லை, எதிரே மடக்கு நாற்காலிகளில் காபிக் கோப்பையோடு டுவேனும் அவன் கூட்டமும் இல்லை. வெர்னா பிக்கப் வண்டியின் பக்கக் கண்ணாடியைத் திருப்பினாள். இந்தப் பாலைவன ஊரில் குளிர்காலம் முழுக்கத் தங்க வருகிறவர்களுக்கு வெந்நீர்க் குளத்தைவிட, சீட்டாட்டத்தைவிடப் பெரிய பொழுதுபோக்கு, அடுத்தவர் தங்கள் டிரெய்லர் வீட்டைப் பின்னால் எடுத்து நிறுத்துவதை வேடிக்கை பார்ப்பது. அவளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தவள்தான்... அவர்கள் டிரெய்லர் நின்ற பழைய இடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, நட்ட நடு ஜனவரியில், அடுத்த வரிசைக்கு மாறச் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு அவள் முறை.

"வெர்னா, அந்த கிரேப்ஃப்ரூட் மரம் இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு, கொஞ்சம் இரக்கம் காட்டு," என்றான் டுவேன்.

"முதல்ல உன் காலை மடக்கிக்க. அதுதான் ரோட்டுல நீட்டிக்கிட்டு கிடக்கு."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒரெஸ்ட் ஏன் ஓட்டவில்லை என்று கேட்டதற்குத் தோள்பட்டை வலி என்று சொல்லியாயிற்று. கோடையிலிருந்து அவர் இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் கறை, ஓரம் தெரியும், நேரே இருப்பது தெரியாது, அவள் முகம்கூட... அது இங்கே யாருக்கும் தெரியாது, தெரியக் கூடாது என்பது அவர் கட்டளை. மகன்தான் கனடாவின் சஸ்காட்சுவானிலிருந்து வண்டியை ஓட்டி வந்து நிறுத்திவிட்டு விமானத்தில் திரும்பினான், போகும்போது, "ஒரு கீறல் விழுந்தாலும் வித்துடலாம்மா, அடுத்த வருஷம் வேண்டாம்" என்றான். வேண்டாமென்றால்? காலையில் அரைக்கை சட்டையோடு வாசலில் நின்று, ஊரில் பனி வாரும் தம்பிக்குப் போன் போட்டு, "அங்க எவ்வளவு குளிர்?" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கேட்கும் ஒரெஸ்டை எங்கே வைப்பது? அந்த மனிதர்தான் இப்போது பிடிவாதமாகப் பின்னால் போய் நிற்கிறார். "கையப் பாத்து வா. வேற எதையும் பாக்காத." அவர் ஓட்ட, பின்னால் நின்று கை காட்டுவது எத்தனையோ குளிர்காலமாக அவள் வேலை. இடம் வலம் அவளுக்கு இன்றும் குழம்பும், புதன்கிழமை நடனத்தில் கூட்டம் ஒரு பக்கம் திரும்பினால் அவள் மறுபக்கம் திரும்புவாள், ஆனால் டிரெய்லருக்குக் கை காட்டுவதில் ஒரு வருடமும் பிசகியதில்லை, அதில் அவளுக்குத் தனிப் பெருமை, ஊர்ப் பெண்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

மெதுவாக... கண்ணாடிக்குள் ஒரெஸ்ட் நிமிர்ந்து நிற்கிறார், தேய்த்த சட்டை, இரண்டு கையும் உயரே, பாடகர் குழுவை நடத்துகிறவர்போல. வா, வா, இன்னும் வா என்கிறது கை. எங்கே வா? நேரே மின்கம்பத்துக்கு அல்லவா கூப்பிடுகிறது... சாம்பல் கம்பம், சாம்பல் சரளைக்கல், அவருக்கு எல்லாம் ஒன்றுதான். நிறுத்தினால் நாற்காலிகள் சிரிக்கும், சிரிப்பது தன்னை அல்ல, அவரை. பதினாறு வயதில் அறுவடைக்குக் கோதுமை லாரி ஓட்டியவள் நீ, வெர்னா. அவள் அவர் கையிலிருந்து கண்ணை எடுத்தாள். கம்பம், மரம், சரளையின் ஓரம், இவை மட்டும். அடியில் பிடித்த கை எதிர்ப்பக்கம் நகர்ந்தது, வால் கம்பத்தைவிட்டு விலகியது, ஒரு சாண் இடைவெளி, போதும், போதும்... அவர் கை அசையும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சரி, சரி" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். பிரேக் சத்தம் கேட்ட பிறகுதான் அவருடைய முஷ்டி மேலே எழுந்தது, நில் என்று.

ஒரே முயற்சி. கைதட்டினார்கள். கால் தரையில் பட்டபோது அவளுக்குத் தான் ஒரு பிடி உயர்ந்துவிட்டதுபோல் இருந்தது. தூரத்தில் ஒரெஸ்ட் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார், அவரும் உயரமாகத்தான் தெரிந்தார். "எங்க கத்துக்கிட்ட, வெர்னா? என் பொண்டாட்டிக்கும் சொல்லிக் குடேன்," என்றான் டுவேன்.

"ஒரெஸ்ட் கை காட்டினபடி வந்தேன், அவ்வளவுதான்."

இது அவள் வார்த்தை இல்லையே... வெர்னா கை காட்டினபடி வந்தேன், அவ்வளவுதான். வருடா வருடம், நவம்பரில், இதே நாற்காலிகளைப் பார்த்து, இதே அலட்சியமான குரலில், வண்டியைவிட்டு இறங்கிக்கொண்டே ஒரெஸ்ட் சொன்னது அல்லவா இது?

அவள் டிரெய்லரின் பின்புறம், அவரிடம் நடந்தாள். "ஏன் ஒரெஸ்ட், நான் பின்னால நிக்கும்போது..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சக்கரத்துக்குக் கட்டை வைக்கணும், எடு."

அவர் தடவி எடுத்துக் கொடுத்தார். குனிந்து கட்டையை முட்டுக்கொடுத்தபடியே அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். அத்தனை வருடமும் எந்தக் கையை ஆட்டினேன்... இதையா, அதையா?