நடுவில் நின்ற தண்ணீர்

எக்ஸ்ரே அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தவளின் கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. கைக்குழந்தையை ஏந்துவது போல அதை ஏந்தியிருந்தாள். முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது.

"படிகம் வந்துடுச்சுண்ணா. ஆனா தப்பா வந்துடுச்சு," என்றாள், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம்.

வைரஸை மடக்குவதற்காக அவள் கட்டிய நியூக்ளியோசைடு அது. ஒரு நைட்ரஜன் காரம், ஒரு சர்க்கரை, ஓரத்தில் அவளே ஒட்டவைத்த புது வால். அதன் அணுக்கள் எப்படிக் கைகோத்து நிற்கின்றன என்று எக்ஸ்ரேயில் பார்க்க ஒரே ஒரு நல்ல படிகம் போதும். பதினான்கு மாதமாகக் கிடைத்ததெல்லாம் பிசின். இந்த வெள்ளிக்கிழமையோடு மூட்டை கட்டிவிடு என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை இன்றுதான். மூன்று வருட உழைப்பு அம்போவென்று போய்விடும். ஈரம் பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்பதில் அவளுக்கு அப்படியொரு பிடிவாதம். ஆல்கஹாலைக்கூடத் தண்ணீர் நீக்கிய பிறகுதான் தொடுவாள். செவ்வாயன்று மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து கூப்பிட்ட அவசரத்தில், பாத்திரம் கழுவ வைத்திருந்த, தண்ணீர் நீக்காத ஆல்கஹாலை நியூக்ளியோசைடு இருந்த ஒரு குப்பியில் ஊற்றிவிட்டு ஓடினாள். அந்தக் குப்பியில்தான் இப்போது ஊசி ஊசியாக மின்னியது.

"கழுவுற பாட்டில்ணா. வெறும் அழுக்கா இருந்தா சார் மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

"அதை மிஷின் சொல்லட்டும்மா. நீயே முடிவு கட்டிட்டு வராத."

ஒரு ஊசியை எண்ணெயில் தோய்த்து, முடி கனமே இருந்த வளையத்தில் தூக்கி மாட்டினார். மூன்று மணி நேரம் அவள் நகத்தைக் கடித்துத் தீர்த்தாள். பிறகு கணினியில் அணுக்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. காரம் இருந்தது, சர்க்கரை இருந்தது, வாலும் இருந்தது. அவளுடையதேதான். இரண்டு மூலக்கூறுகளுக்கு நடுவில் மட்டும் சம்பந்தமே இல்லாமல் ஒரு ஆக்சிஜன்.

"இது யாரும்மா புதுசா?"

தூரங்களை அளந்து பார்த்தாள். மறுபடியும் அளந்தாள்.

"தண்ணிண்ணா."

ஒரு பக்கம் இந்த மூலக்கூறின் சர்க்கரையையும் மறுபக்கம் அடுத்ததன் காரத்தையும் ஹைட்ரஜனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது. அது இல்லாமல் அவை ஒட்டவே ஒட்டாது. பதினான்கு மாதமாக வேலை மெனக்கெட்டு அதைத்தான் அவள் துரத்தியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது.

தொலைபேசியில் பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை வருமா?"

"வரும் சார்."

"சரி. திங்கக்கிழமை வரைக்கும் பாரு."

ஆய்வகத்தில் அதே நியூக்ளியோசைடை ஈரம் படாமல் கரைத்து வைத்த குப்பிகள் இன்னும் ஆறு இருந்தன. முதல் குப்பியின் மூடியைத் திறந்து, தண்ணீர் நிரப்பிய துளிக்குழாயை மேலே கொண்டுபோனாள். பழக்கதோஷத்தில் கை பின்னுக்கு இழுத்தது. அவள் விடவில்லை. குழாயின் நுனியில் சொட்டு ஒன்று உருண்டு, கனத்து, தொங்கியது.