பிஸ்கட் டப்பாவில் நாற்பத்தொரு தாள்கள்

தொட்டதற்கெல்லாம் ‘டர்னிங் பாயிண்ட்’ என்பார் மனிதர். பாய்லர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தது டர்னிங் பாயிண்ட். ஸ்கூட்டர் வாங்கியது டர்னிங் பாயிண்ட். வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்ததுகூட அப்படித்தான். அதற்கு முன்னும் பின்னும் துணி துவைத்தது என்னவோ அவர் மனைவிதான். தொழிற்சாலையில் அவர் சொந்தப் பெயரே மறந்துபோயிற்று. ‘டர்னிங் பாயிண்ட் சார்’ என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

சொல்வதோடு விட்டாரா? அந்தந்த நாளின் காலண்டர் தாளைக் கிழித்து, சிவப்பு மையில் ஒரு வரி எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். முப்பத்தாறு வருடத்தில் நாற்பத்தொரு தாள் சேர்ந்துவிட்டது. மறுநாள் அவருக்குப் பணி ஓய்வு. விழாவில் அத்தனையையும் வாசிக்கப் போகிறாராம். கேட்பவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

“தேதி வாரியா அடுக்கிக் குடும்மா. உன் கையில குடுத்தா ஒரு பிசகு வராது,” என்று டப்பாவை மனைவியிடம் நீட்டினார்.

அது உண்மைதான். ஒரு காலத்தில் கட்டட வரைபடம் வரைந்த கை அது. அந்த அலுவலகத்தில் ஜன்னலோர மேசை அவளுடையது. அவள் போட்ட கோட்டை யாரும் அழித்துப் போட்டதில்லை.

சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி அடுக்கினாள். கல்யாணம் இருந்தது, மகள் பிறந்தது இருந்தது. பத்தொன்பதாவது தாளில் தேதியைப் பார்த்ததும் அடுக்குவதை நிறுத்தினாள்.

‘பதவி உயர்வு. வேறு ஊருக்கு மாற்றல். டர்னிங் பாயிண்ட்!’

காலையில் அவருக்கு அந்த உத்தரவு வந்தது. அன்று மாலையே இவள் ராஜினாமா கடிதம் கொடுத்தாள். பாதி வரைந்த படம் ஒன்று அலுவலக மேசையிலேயே கிடந்தது. வீட்டுக்கு வந்தவளிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “லாரிக்குச் சொல்லியாச்சா?”

கோபம் என்று சொல்ல முடியாது. இருபத்தொரு வருடம் கழித்துக் கோபத்துக்கு எங்கே போவது? ஆனாலும் வாஷிங் மெஷினுக்கு ஒரு தாள் உண்டு, அவள் விட்ட வேலைக்கு இல்லை. ஒரே ஒரு தடவை, அதையும் ஒரு நாளாக எண்ணி அவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும் போலிருந்தது.

தாளைத் திருப்பினாள். வெறுமையாக இருந்தது. கறுப்புப் பேனாவால், படத்தில் எழுதுவதுபோல் அளவெடுத்த எழுத்தில், ‘இன்று நான் வேலையை விட்டேன்’ என்று எழுதினாள். பின்பக்கம் பார்க்கச் சொல்லி முன்பக்க ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டாள்.

மறுநாள் கேன்டீனில் விழா. அவர் ஒவ்வொரு தாளையும் வாசிக்க, கூட்டமே சேர்ந்து “டர்னிங் பாயிண்ட்!” என்று கத்தியது. மேனேஜர்கூட மேசையைத் தட்டினார். முன்வரிசையில் அவள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள்.

பத்தொன்பதாவதற்கும் கத்தி முடித்தார்கள். அவர் அம்புக்குறியைப் பார்த்தார். தாளைத் திருப்பினார். அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“சார், கண்ணாடி வேணுமா?” என்று பின்னாலிருந்து ஒரு வெல்டர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவளும் தலையைக் குனியவில்லை.

“இதே தேதியில என் மனைவி வேலைய விட்டாங்க,” என்றார் மைக்கில். “நான் லாரிக்குச் சொல்லியாச்சான்னு கேட்டேன்.”

இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. மீதி இருபத்திரண்டு தாளையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டு இறங்கி வந்தார். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேனேஜர் பேச எழுந்ததும் மெதுவாகக் கேட்டார்:

“அன்னைக்கு என்ன வரைஞ்சுக்கிட்டு இருந்தே?”

“பள்ளிக்கூடம்,” என்றாள். “மாடிப்படி வரைக்கும் வந்திருந்தேன்.”