பதினாலு விநாடி

அப்பாவுக்கு அடுத்தவர் எழுதும் பரீட்சை மட்டும்தான் பிடிக்கும். முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு நடத்தியவர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கம்பத்தில் லேசாக உரசினாலும் போச்சு, தாளில் சிவப்பு மையால் ஒரே கோடு. ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயரே தெரியாது. 'சிவப்பு மை' என்றால்தான் தெரியும்.

அந்தச் சிவப்பு மை இப்போது கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மகளுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. பாதம் தரையில் பசை போட்டு ஒட்டியது மாதிரி நகராது. பாதி வழியிலேயே நனைந்துவிடும். "தண்ணி கொட்டிடுச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு வருஷமாக இதே தண்ணிதான் கொட்டுகிறது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவளுக்கே கேள்வி மறந்துவிடும்.

தம்பி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே வைத்தியம் பார்த்துவிட்டான். "வயசானா வர்ற மறதிதான் அக்கா இது. முதியோர் இல்லத்துல பேர் பதிஞ்சுட்டேன். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்." பெயர் பதிய மட்டும் அவனுக்குக் கை நீளும்.

ஸ்கேனைப் பார்த்த மூளை அறுவை டாக்டர் வேறு மாதிரி சொன்னார். மூளைக்குள் நீர் வடியாமல் தேங்கியிருக்கிறது. நடை, சிறுநீர், மந்தம் மூன்றுமே அதனால் வரலாம். மண்டையில் சின்னத் துளை போட்டு, தோலுக்கடியிலேயே ஒரு மெல்லிய குழாயை வயிறு வரை இறக்கினால் நீர் தானாக வடிந்துவிடும். ஆனால் குழாய் எல்லாருக்கும் பலிக்காது. அதற்கு ஒரு சோதனை: பத்து மீட்டர் நடக்கவிட்டு நேரம் பார்ப்பார்கள். பிறகு முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீரை எடுத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி நடக்கவிடுவார்கள். வேகம் கூடினால் ஆபரேஷன். கூடாவிட்டால், தம்பி பதிந்து வைத்த இல்லம்.

காலையில் முதல் நடைக்குச் சற்று முன்னால், "தொண்டை காயுது, வெந்நீர் வாங்கிட்டு வா" என்றார் அப்பா. அவள் திரும்பி வருவதற்குள் நடை முடிந்திருந்தது. தாளில் பதினாலு விநாடி என்று எழுதியிருந்தது.

"பதினாலா? வீட்டுல இந்தத் தூரத்துக்கு ஒரு நிமிஷம் ஆகுங்க!"

"நான்தானே பின்னாடியே நடந்தேன்?" என்று பிசியோதெரபிப் பெண் கடிகாரத்தைக் காட்டினாள். அப்பா வெந்நீரைக் குடிப்பதில் மும்முரமாக இருந்தார்.

ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். மத்தியானம் மறுபடி நடந்தார். இந்தத் தடவை மகள் இடத்தை விட்டு அசையவில்லை. நடைவழியின் நடுவில், எதையும் பிடிக்காமல், பாதங்களைத் தூக்கித் தூக்கி வைத்து அவர் நடந்தார். இப்படி நடந்து இரண்டு வருஷம் ஆயிற்று.

நேரம் பதினாலு விநாடி.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "வித்தியாசமே இல்லையேம்மா. இதை வெச்சுக்கிட்டு நான் எப்படி மண்டையில துளை போடறது?"

"காலையில ஏதோ தப்பு நடந்திருக்கு டாக்டர்! அப்பா, நீங்களாவது வாயத் திறங்களேன்!"

அப்பா ஜன்னலைப் பார்த்தார். கல்லுளிமங்கன். அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "சரி, தம்பிக்கே போன் போடறேன். அவன் சொன்னபடியே நடக்கட்டும்."

"கைப்பிடியைப் பிடிச்சேன்" என்றார் அப்பா, பட்டென்று.

"என்ன?"

"காலையில. சுவர்ல கம்பி இருக்கே, அதைத்தான். சோதிக்கறவங்க கண்ணு காலுலயும் கடிகாரத்துலயும்தான் இருக்கும். கையைப் பார்க்க மாட்டாங்க. முப்பத்தொரு வருஷம் அதே வேலையைப் பார்த்தவனுக்குத் தெரியாதா?"

"ஏம்பா இப்படிப் பண்ணீங்க?"

"ஃபெயிலானா இல்லத்துக்கு அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

முதல் நடை மோசமாக இருந்தால்தான் நல்லது என்று அவள் பத்துத் தடவையாவது படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆயுள் முழுக்க ஊரை ஃபெயிலாக்கியவர் மண்டையில் அது எப்படி ஏறும்? அவளுக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "காலை நடை செல்லாது. எடுத்த நீர் திரும்ப ஊறிடும். ரெண்டு வாரம் கழிச்சு முதல்லேர்ந்து பார்ப்போம்."

"செல்லாதுன்னு போடாதீங்க" என்றார் அப்பா. "ஃபெயில்னு போடுங்க. சிவப்பு பேனா இருக்கா?"

பேனாவை அவர்கள் தேடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே போய்விட்டார். மகள் மாற்றுத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கழிப்பறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"படுத்தி எடுக்கறீங்கப்பா என்னை!" என்று கதவைப் பார்த்துத் திட்டினாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தண்ணி கொட்டலைம்மா."