மிச்சம் பிடித்த ஆறு நாள்

பட்டன் வியாபாரி காலையிலிருந்து ஏழாவது தடவையாகக் கார்டை நீட்டினார். முதலில் ஒரு டீ, பிறகு ஒரு பன். இரண்டையும் ஒரே பில்லில் போடட்டுமா என்று கடைக்காரி சைகையில் கேட்டதற்கு, தனித்தனியாகப் போடு என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினார். அப்புறம் பஸ் டிக்கெட், தண்ணீர் பாட்டில், இன்னொரு தண்ணீர் பாட்டில், ஒரு சீப்பு. வாருவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் வாங்கினார்.

சந்தையில் அவரைத் தெரிந்தவர்கள் பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். வெளிநாட்டுக்குச் சரக்கு எடுக்கப் போகிறவர்களுக்கு வகுப்பே எடுத்தவர் அவர். "ஏர்போர்ட்ல காசு மாத்தாதே, தோலை உரிச்சிடுவான். மெஷின் உங்க ஊர்ப் பணத்துல கழிச்சுக்கவான்னு குழையும், வேண்டாம்னு அமுக்கு. கார்டைத் தேய்க்கத் தேய்க்க நம்ம பேங்க் ஒரு கை அள்ளும். முதல் நாளே மொத்தமா எடுத்து இடுப்புல கட்டிக்கோ, கார்டை மறந்துடு."

போன பயணத்துக்கு முன்னால்தான் இந்தப் பாடத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை கண்ட இடத்தில் தேய்ப்பார். ஒவ்வொரு தேய்ப்புக்கும் பேங்கிலிருந்து மனைவியின் போனுக்குத் தகவல் போகும். அவர் வருஷத்துக்கு இரண்டு போனைத் தொலைக்கிற ஆள் என்பதால் பேங்கில் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். போனில் பேசுவதும் அவருக்கு ஆகாது. விலை சொல்லாத பேச்சு எதற்கு என்பார். அதனால் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை தொடங்கிவிடும்.

"செவ்வாய்க்கிழமை நாலு காபியா? வயிறா, தண்ணித் தொட்டியா?"

"வந்துட்டாங்கப்பா உளவுத்துறை."

"புதன்கிழமை செருப்புக் கடையில யாருக்கு வாங்கினீங்க? எனக்குன்னா சொல்லிடுங்க, சந்தோஷமாத் திட்டுறேன்."

போன பயணத்தில் தன் பாடப்படியே மொத்தமாக எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். ஆறு நாள், ஒரே கட்டணம். மிச்சம் பிடித்ததை மனசுக்குள் கூட்டி மகிழ்ந்தார். ஆறாம் நாள் மகள் கூப்பிட்டாள். அம்மாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றாள். காரியமெல்லாம் ஆன பிறகு இன்னொன்றும் சொன்னாள்: "போனைத் தலைமாட்டுலயே வச்சிருந்தாங்கப்பா. 'மணி மூணாச்சு, உங்கப்பா இன்னும் சாப்பிடலை போலிருக்கே'ன்னு தினமும் எடுத்து எடுத்துப் பாத்தாங்க."

அது நடந்து நாலு மாசம். இந்தப் பயணத்தில் அவர் இடுப்பில் ஒரு நோட்டும் இல்லை. பேங்குல என் நம்பரைக் கொடுத்திடலாம் என்று கிளம்பும் முன்னே மகள் கெஞ்சினாள். அம்மா நம்பரே இருக்கட்டும் என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

ஏழாவது தேய்ப்பு சாப்பாட்டுக்கு. மெஷின் கீச்சென்று மறுத்தது. மறுபடி தேய்த்தார். கடைக்காரி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பின்னால் நின்றவன் பெருமூச்சு விட்டான். வியாபாரி ஒதுங்கி நின்று மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, கார்டு நின்னுபோச்சு. சில்லறை சில்லறையாத் தேய்ச்சதுல பேங்குக்கு யாரோ திருடன்னு சந்தேகம் வந்திருக்கும். அம்மா போனுக்குக் கேள்வி வந்திருக்கும் பாரு. 'ஆமா'ன்னு பதில் போடு."

மறுமுனையில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

"பாப்பா?"

"அந்தப் போனை அணைச்சு வச்சிருக்கேன்ப்பா."

"எப்பத்துல இருந்து?"

"நீங்க போன மறுநாள்ல இருந்து. அது அடிக்கும்போதெல்லாம் அம்மா எந்திரிச்சு வருவாங்கன்னு திரும்பித் திரும்பிப் பாக்குறேன். என்னால முடியலைப்பா."

கையிலிருந்த சீப்பைப் பார்த்தார். நாலு நாளாகக் கட்டணம் கட்டிக் கட்டி அனுப்பியதெல்லாம் இருட்டு அலமாரிக்குள் போயிருக்கிறது. முதல் நாள் போய்ச் சேர்ந்ததோ, பெற்ற பெண்ணைக் குத்தியிருக்கிறது.

"இப்ப போடுறேன், இருங்க" என்றாள்.

போன் உயிர் பெறும் சத்தம் கேட்டது. பிறகு மணிகள். ஒன்று, இரண்டு, ஐந்து, பதினொன்று, இருபது. நாலு நாளின் டீயும் பன்னும் டிக்கெட்டும் அவர் காதுக்குள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் மகள் அழுகிற சத்தம். மணி ஓயும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"கேள்வி வந்திருக்குப்பா. இது நீங்கதானான்னு கேக்குறான்."

"ஆமான்னு போடு."

"போட்டுட்டேன்."

"நாளைக்கே பேங்குக்குப் போயி உன் நம்பருக்கு மாத்திடு பாப்பா. இனிமே கார்டைத் தேய்க்க மாட்டேன், உனக்கும் மணி அடிக்காது, பயப்படாதே."

கடையை விட்டு வெளியே வந்தார். எதிர்ச்சாரியில் பணம் எடுக்கும் மெஷின். மீதி நாளுக்கு வேண்டியதை மொத்தமாக எடுத்தார். உங்கள் ஊர்ப் பணத்தில் கழிக்கட்டுமா என்று மெஷின் குழைந்தது. வேண்டாம் என்று அமுக்கினார். ஒரே கட்டணம்.

திரும்பி வந்து நோட்டைக் கொடுத்துத் தட்டை வாங்கிக்கொண்டு மூலை மேஜையில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று. அவர் சாப்பிட்டாரா என்று வீட்டில் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

சோறு ஆறிக்கொண்டிருந்தது.