மரியாதையான மூன்று வாரம்

1
இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். என் முதுகுவலிக்குப் படம் எடுக்கப் போன இடத்தில், பக்கத்து நாற்காலி அம்மா சொன்னது. பெயரை மட்டும் மாரக்காள் என்று மாற்றியிருக்கிறேன். கணவர் வெங்கடாசலம், முப்பது வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டியவர்.

2
இதை எழுத உட்கார்ந்தபோது முதல் வரி இப்படி இருந்தது: மூளையைச் சுற்றி ரத்தம் கசிவது என்பது...

(வேண்டாம். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது: மேட்டூர் அணையில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்த...

(ஜலகண்டாபுரத்தில் குடியிருக்கும் மாரக்காள் அணைப்பக்கம் போயே பத்து வருடமாகிறதாம். இதுவும் வேண்டாம்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

3
ரிக் சத்தத்திலேயே காலந்தள்ளிய மனுசன். உப்புக் கேட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். மாரக்காளும் லேசுப்பட்டவள் இல்லை. நாற்பத்தொரு வருடம் இருவரும் கத்திக் கத்தியே குடும்பம் நடத்தினார்கள். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். குழம்பு நன்றாயிருந்தது என்றார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். மாரக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போதாவது புத்தி வந்ததே என்று பக்கத்து வீட்டு ராமாயியிடம் பீற்றிக்கொண்டாள். நம் பக்கத்தில் மரியாதையை யாராவது வியாதி என்று நினைப்பார்களா?

நாலாவது வாரம் கைகூப்பிச் சொன்னார்: "சாப்பாடு போட்டதுக்கு ரொம்பச் சந்தோசமுங்க. நான் ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க."

செருப்பு மாட்டும்போது ஒரு கால் இழுத்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவளை யாரோ வேற்று வீட்டு அம்மா என்றுதான் நினைத்திருக்கிறார்.

4
ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. எப்போதோ கொட்டாய் விட்டத்தில் தலையை இடித்துக்கொண்டாராம். ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மூளையைச் சுற்றித் தேங்கியிருந்தது. மண்டையோட்டில் இரண்டு துளை போட்டு வடித்தார்கள். தெளிந்ததும் டாக்டர் ஷிரீனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை அடியில் கிடைத்தது என்று. பழைய சத்தமும் திரும்பியது.

ஒரே மாதத்தில் மறுபடி ரத்தம். இறைத்தால் மட்டும் போதாது, ஊறுகிற இடத்தை அடைக்க வேண்டும் என்றார் ஷிரீன். தொடையில் சின்னத் துவாரம் வைத்து, ரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய குழாயை மேலே ஏற்றி, மூளையின் மேலுறைக்குப் போகும் கிளையை உள்ளிருந்தே அடைப்பார்களாம். தேங்கியது மெல்ல மெல்லத் தானே வற்றிவிடும். போர்க்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. மாரக்காளுக்குத்தான் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. அவருக்கு உள்ளே ரத்தம் ஊறிய மூன்று வாரமும் அவள் சந்தோசமாக இருந்திருக்கிறாள். அந்த வெட்கம்.

(இங்கே அவளை அழவைத்து ஒரு பக்கம் எழுதினேன். என்னிடம் சொன்னபோது அவள் அழவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.)

5
அடைத்து மூன்று மாதம். இப்போது கால் இழுப்பதில்லை. பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் சரியாகச் சொல்கிறார். மகனிடம் பழையபடி கத்துகிறார். மாரக்காளிடம் மட்டும் குரல் உயரவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்து, கொட்டை எடுத்து, சுளையை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

ரத்தம் வற்றியதா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்கள். வற்றியிருக்காதோ என்று பயமா எனக் கேட்டேன்.

"இருந்தா டாக்டரம்மா பாத்துக்குவாங்க சாமி. ஒண்ணுமில்லீன்னு வந்துட்டா, இவரு என்னை நல்லாத் தெரிஞ்சேதான் இப்படி இருக்கறாருன்னு ஆயிருமல்லோ. கத்துனாத் திருப்பிக் கத்தத் தெரியும். இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க."

6
முடிவு ஒன்று: படம் சுத்தமாக இருக்கிறது. முடிவு இரண்டு: ஓரத்தில் இன்னும் ஒரு கீற்று. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எதைக் கொடுத்தாலும் அவள் முகத்தை நான்...

நடந்தது இவ்வளவுதான்: அவர்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவளுடைய பையை அவர் வாங்கிக்கொள்ள, இருவரும் உள்ளே போனார்கள். படம் எடுத்து முடித்திருந்த நான் ஓமலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி இருந்தது. தைரியமில்லை, அவ்வளவுதான்.

என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் போய் உட்காருங்கள். அவள் வெளியே வரும்போது பேச யாராவது இருக்க வேண்டும்.